பதிவேட்டில் காலியாக விட்ட வரி

யோகலட்சுமியின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று யாராவது பாராட்டினால் அவளுக்குக் கோபம் வரும். அச்சில் பிழை வரும், என் கையெழுத்தில் வராது என்பாள். தற்பெருமைதான், ஆனால் பொய் இல்லை. பினாங்கில், புலாவ் திக்குஸ் பக்கம் ஒரு பழைய பங்களாவில் நடந்துகொண்டிருந்த சின்னப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் அவள் பதினைந்து வருஷம் கிளார்க்காக இருந்தாள். பள்ளியின் பெயர் நமக்கு வேண்டாம். அந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு மாடிக்கு வீடு கட்டிவிட்டார்கள்.

காலையில் கணக்கும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு மற்றதெல்லாம் பிரெஞ்சில். இரண்டு மொழிப் பள்ளி. மொத்தமே நாற்பது பிள்ளைகள். அப்பாமார் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் என்ஜினியர்கள். இரண்டு வருஷம், மூன்று வருஷம் இருப்பார்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வந்தவர் போனவர் எல்லாருக்கும் நிலையாக இருந்தது யோகலட்சுமியும், அவள் மேசையில் இருந்த பச்சைத் துணி அட்டை போட்ட பதிவேடும்தான்.

அந்தப் பதிவேட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. ஒரு வரிக்கு ஏழு கட்டம். வரிசை எண், பெயர், பிறந்த தேதி, நாடு, பாஸ்போர்ட் எண், சேர்ந்த நாள், கல்வி இலாகா கொடுத்த அனுமதிக் கடிதத்தின் எண். ஏழில் ஒன்று காலியாக இருந்தாலும் அவள் பேனாவைத் திறக்க மாட்டாள். பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பெரிய மனுஷன், மகனுடைய பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்து அவசரப்பட்டதற்கு, வெயிலில் திருப்பி அனுப்பி எடுத்துவர வைத்தாள். அது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். அப்பா விநாசித்தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, புக்கிட் மெர்தாஜாமில் அரசாங்கக் கிளார்க்காக இருந்து, தலைமைக் கிளார்க்காக ஓய்வுபெற்றவர். கடைசிவரை தன் தம்பியின் மனுவைக்கூட ஒரு முத்திரை குறைகிறது என்று திருப்பி அனுப்பியவர். அந்த வீட்டில் அதை ஒரு பெருமையாகத்தான் பேசுவார்கள். அந்தத் தம்பி என்ன நினைத்தார் என்று யாரும் கேட்டதில்லை.

யோகலட்சுமியின் வீடு பாகான் டாலாமில். கணவர் ஐயாத்துரை பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். ஒரே மகள் அருந்ததி. காலை ஃபெரியில் தாயும் மகளும் கடலைத் தாண்டி வருவார்கள். அங்கிருந்து பஸ்ஸில் போய் மகள் கான்வென்ட்டில் இறங்கிக்கொள்வாள், தாய் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போவாள். ஒரு மணிக்கு மகளின் பள்ளி விட்டதும், அவள் நடந்து வந்து அம்மாவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். 1981-ல் அருந்ததிக்கு ஏழு வயசு.

ஸ்டூலில் உட்கார்ந்த பிள்ளை இரண்டே வாரத்தில் வகுப்பறைக்குள் போய்விட்டது. கூட்டிப்போனவர் பள்ளியின் தலைவி மதாம் வெர்னியே. உயரமானவர், பெரிய சிரிப்பு, பெரிய கை வீச்சு. வராந்தாவில் நின்றபடியே ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டு, பிரெஞ்சுப் பாட்டு ஒன்றை ஒரு வார்த்தை பிசகாமல் பாடிக்கொண்டிருந்த அருந்ததியைப் பார்த்து அசந்துபோனார். கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தார்.

அன்று மாலை யோகலட்சுமி பதிவேட்டோடு மதாமின் அறைக்குப் போனாள். பிள்ளையைச் சேர்ப்பதென்றால் முறைப்படி சேர்க்க வேண்டும். உள்நாட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டுப் பள்ளியில் படிக்கவும் இலாகாவின் அனுமதிக் கடிதம் வேண்டும், அதற்குத் தலைவி கையெழுத்துப் போட்ட படிவம் போக வேண்டும் என்று விளக்கினாள். படிவத்தையும் கையோடு டைப் அடித்துக் கொண்டுபோயிருந்தாள்.

மதாம் சிரித்தார். "யோகா! காகிதமெல்லாம் தூதரகத்துக்கு, குழந்தை நமக்கு. நாமெல்லாம் உலகக் குடிமக்கள். உங்களுக்குப் பெயர் எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, படிவத்தை மேசை இழுப்பறையில் போட்டார். பதினைந்து வருஷமும் அந்தப் பள்ளியில் அவளுக்குப் பெயர் யோகாதான். கை காலை மடக்கிச் செய்கிற உடற்பயிற்சியின் பெயரை எனக்கு வைத்துவிட்டார்கள் என்று வீட்டில் வந்து எரிந்து விழுவாள். பள்ளியில் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாள்.

அடுத்த மாதம் படிவத்தைப் பற்றி ஞாபகப்படுத்தினாள். அடுத்த வாரம் என்றார் மதாம். இன்னொரு தடவை ஞாபகப்படுத்தினாள். ஓ, ஆமாம், ஆமாம் என்றார். மூன்றாம் தடவை கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. மூன்றாவது தடவை கேட்டால் அது ஞாபகப்படுத்துவது இல்லை, கெஞ்சுவது. விநாசித்தம்பி மகள் கெஞ்ச மாட்டாள்.

பள்ளி வேன் ஓட்டுகிற ஜபருல்லாதான் இதற்கு ஒரு வழி சொன்னான். காலையில் டீ குடித்துக்கொண்டே, பதிவேட்டை எட்டிப் பார்த்தான்.

"மதாமே எழுதிக்கன்னு சொல்லிட்டாங்க. பேர போட்டுட்டுப் போங்களேன்க்கா. யாரு வந்து பாக்கப் போறா லா?"

"கடைசிக் கட்டத்துல என்னத்த எழுதச் சொல்றே? லெட்டர் நம்பர் எங்க?"

"ஒரு கோடு போடுங்க. புள்ள பேரு முக்கியமா, நம்பர் முக்கியமா?"

"நாளைக்கு எவனாச்சும் புரட்டிப் பாத்தா, கிளார்க் தன் சொந்த மகள கள்ளத்தனமா நுழைச்சிட்டான்னு சொல்லுவான். எனக்கு அந்தப் பேச்சு வேணாம் தம்பி."

ஜபருல்லா தோளைக் குலுக்கிவிட்டு வேனைக் கழுவப் போய்விட்டான். அவள் செய்தது இவ்வளவுதான்: அந்த வருஷத்துப் பக்கத்தின் அடியில் ஒரு வரியையும் அதற்குரிய வரிசை எண்ணையும் காலியாக விட்டுவிட்டு, அடுத்த பிள்ளையை அடுத்த பக்கத்தில் ஆரம்பித்தாள். கடிதம் வந்ததும் எழுதிக்கொள்ளலாம். கடிதம் வரவே இல்லை.

அருந்ததி ஒன்பது வருஷம் அந்த வகுப்புகளில் உட்கார்ந்தாள். வீட்டுப்பாடம் எழுதினாள், பரீட்சை எழுதினாள், நாடகத்தில் நடித்தாள். பதின்மூன்று வயதில் அவள் பிரெஞ்சு பேசினால், கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர்கள் ஏதோ லியோன் நகரத்துப் பிள்ளை என்று நினைப்பார்கள். ஃபெரியில் வரும்போது கடலைப் பார்த்தபடி அவள் தனக்குள்ளே பிரெஞ்சில் பேசிக்கொள்வதை யோகலட்சுமி கேட்டிருக்கிறாள். காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் அவளுக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

ஒவ்வொரு மார்ச் மாதமும் பள்ளியில் உலகக் குடிமக்கள் நாள் கொண்டாடுவார்கள். புல்வெளியில் நாட்டுக்கு ஒரு மேசை. மலேசியா மேசைக்கு ஒரு என்ஜினியரின் மனைவி பொறுப்பு. பாத்தேக் துணியைத் தொங்கவிட்டு, தொப்பி வைத்து, குச்சியில் சுட்ட சாத்தேயைத் தட்டில் அடுக்கிக்கொண்டு நிற்பாள். அவள் பினாங்குக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருக்கும். புக்கிட் மெர்தாஜாமில் பிறந்து வளர்ந்த யோகலட்சுமியை இந்தியா மேசையில் உட்கார வைத்தார்கள். நான் இந்தியாவை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன், என் அப்பா இலங்கை, நான் மலேசியா என்று முதல் வருஷம் சொல்லிப் பார்த்தாள். இந்தியாவுக்குத்தான் நிறம் அதிகம் என்றார் மதாம். வருஷா வருஷம் பட்டுப்புடவை கட்டி, கோலம் போட்டு, தன் கையால் சுட்ட வடையை, தான் பார்த்தே இராத தேசத்தின் பெயரால் பரிமாறினாள்.

கடைசியில் ஊர்வலம். ஒவ்வொரு பிள்ளையும் தன் நாட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு வரும். கொடிகள் பதிவேட்டின் நாலாவது கட்டத்தைப் பார்த்துத்தான் தைக்கப்பட்டன. அருந்ததிக்குக் கொடி இல்லை. அதனால் அவளைப் பரதநாட்டிய உடையில் நிறுத்தி, காகிதக் கூழில் செய்த பெரிய பூகோள உருண்டை ஒன்றைக் கையில் கொடுத்து எல்லாருக்கும் முன்னால் நடக்கவும், முடிவில் ஒரு நடனம் ஆடவும் விட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்தப் படத்தை எடுத்துப் பள்ளியின் விளம்பரப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போட்டார்கள். கீழே, 'எங்கள் மாணவி, நாளைய உலகக் குடிமகள்' என்று இரண்டு மொழியிலும் எழுதியிருந்தது. யோகலட்சுமி அதில் ஒரு பிரதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினாள். ஐயாத்துரை அதைப் பார்த்து, "படத்துல இருக்கா, உன் பதிவுப் புஸ்தகத்துல இருக்காளா யோகம்?" என்று ஒரு தடவை கேட்டார். அவர் ரயில்வே ஆள், டிக்கெட் இல்லாதவன் எத்தனை மைல் வந்தாலும் அவன் பிரயாணி இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவள் சட்டத்தின் தூசியைத் துடைத்தாள்.

மதாம் வெர்னியே 1988-ல் ஊருக்குப் போய்விட்டார். போகிற அன்று அருந்ததியைக் கட்டிப்பிடித்து அழுதார். இழுப்பறையைக் காலி செய்யும்போது அந்தப் பழைய படிவத்தையும் மற்றக் குப்பையோடு குப்பையாகக் கூடையில் போட்டார். கூடையைக் கொட்டும்போது யோகலட்சுமி அதைப் பார்த்தாள். ஏழு வருஷத்துக்கு முன் அவளே டைப் அடித்தது, மடிப்புக்கூடக் கலையவில்லை. புதிய தலைவராக வந்த முசியே ஃபூர்னெல் மெலிந்த மனிதர், ஒழுங்கானவர், எந்தக் காகிதத்தையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதவர். சொல்லப்போனால் யோகலட்சுமிக்கு அவரைத்தான் அதிகம் பிடித்தது.

1992-ல் அருந்ததிக்குப் பதினெட்டு வயசு. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஃபாரம் சிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். பிரான்சில் ஒரு மொழிபெயர்ப்புக் கல்லூரி, வெளிநாடுகளில் உள்ள இருமொழிப் பள்ளிகளில் குறைந்தது ஐந்து வருஷம் படித்த பிள்ளைகளுக்கு இடமும் தங்கும் வசதியும் தருவதாக அறிவித்தது. அருந்ததி மனுவைத் தானே எழுதினாள், பிரெஞ்சில், எட்டுப் பக்கம். அவர்கள் வைத்த பரீட்சையிலும் தேறினாள். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி: பள்ளி உறுதி செய்ய வேண்டும். "நம்ம ஸ்கூல்தானே அம்மா, அது ஒண்ணும் பிரச்சன இல்ல லா" என்றாள். யோகலட்சுமி தலையை ஆட்டினாள்.

மதாம் வெர்னியேவுக்கு அவசரமாக ஒரு கடிதம் எழுதினாள். மூன்று வாரத்தில் பூந்தோட்டப் படம் போட்ட தபால் அட்டை ஒன்று வந்தது. அன்பான அருந்ததியை எப்படி மறப்பேன், அவள் நடனம் இன்னும் கண்ணில் நிற்கிறது என்று எழுதியிருந்தார். எத்தனை வருஷம் படித்தாள் என்று ஒரு வார்த்தை இல்லை.

கல்லூரியின் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு யோகலட்சுமியின் தட்டில் வந்து விழுந்தது. பள்ளிக்கு வருகிற தபாலைப் பிரிப்பது அவள் வேலை. பதிவேட்டின்படி இந்த மாணவி எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை படித்தார் என்று தெரிவிக்கவும். முசியே ஃபூர்னெல் ஜார்ஜ்டவுனில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார், பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார்.

அவள் பதிவேட்டைத் திறந்தாள். 1981-ம் வருஷப் பக்கத்தின் அடியில் அந்த வரி அப்படியே வெள்ளையாக இருந்தது. அதே நீலக்கறுப்பு மை, அதே பேனா, அதே கையெழுத்து. பதினொரு வருஷமாக அவள் கையெழுத்தில் ஒரு வளைவுகூட மாறியதில்லை. கடிதத்தின் எண் இருக்கிற கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும், உலகத்தில் யாருக்கும் தெரியாது. இரண்டு மணி நேரம் இருந்தது. பேனாவைத் திறந்தாள், மூடினாள். ஜபருல்லா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் இத்தனை வருஷம் காப்பாற்றின புத்தகத்தில் ஒரு பொய்யை எழுதுவதா என்று யோசித்தாள். பொய் எது என்று அவள் யோசிக்கவில்லை. ஒன்பது வருஷம் படித்த பிள்ளை படித்தாள் என்று எழுதினால் அது எப்படிப் பொய்யாகும்? அந்தக் கேள்வி பிறகுதான் வந்தது, ஒன்றுக்கும் உதவாத காலத்தில்.

முசியே வந்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் விளம்பரப் புத்தகத்தைப் பார்த்தார், தபால் அட்டையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் அருந்ததியைத் தெரியும். அவர் வந்த பிறகு இரண்டு வருஷம் அவள் அவருடைய இலக்கிய வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"படம் ஆவணம் இல்லை, மதாம் யோகா" என்றார். "பதிவேட்டில் என்ன இருக்கிறது என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள். அனுமதி இல்லாமல் ஒரு மலேசியப் பிள்ளையை ஒன்பது வருஷம் வைத்திருந்தோம் என்று எழுதினால் பள்ளியை மூடிவிடுவார்கள். நீங்களே சொல்லுங்கள், பதிவேட்டில் பெயர் இருக்கிறதா?"

"இல்லை" என்றாள்.

"இருந்திருந்தால் நான் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார் அவர். அது அவர் சொன்ன ஆறுதல்.

அவர் சொல்லச் சொல்ல அவள் டைப் அடித்தாள். தாங்கள் குறிப்பிட்டுள்ள பெயரில் எந்த மாணவியும் எங்கள் பதிவேட்டில் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். மகளுடைய பெயரை எழுத்து எழுத்தாக அடித்தாள். ஒரு பிழையும் இல்லை. கடிதத்தின் அடியில் வழக்கம் போல, சொன்னவர் பெயரின் முதலெழுத்துகளும் அடித்தவர் பெயரின் முதலெழுத்துகளும் போட வேண்டும். ஜே.எஃப், ஒரு சாய்கோடு, ஒய்.எல். விரல் தானாகப் போட்டுவிட்டது. கார்பன் பிரதியை எடுத்துக் கோப்பில் சேர்த்தாள்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் ஏதாவது நல்லது நடந்துவிடும் என்று நம்புகிற ஆள் இல்லை அவள். ஆனாலும் சொல்ல முடியவில்லை.

ஏழு வாரம் கழித்துக் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. வருந்துகிறோம் என்று நாலு வரி, கூடவே பள்ளியின் கடிதத்தினுடைய நகல். அருந்ததி முதலில் நாலு வரியைப் படித்தாள். அப்புறம் நகலைப் படித்தாள். அடியில் இருந்த ஒய்.எல். மேல் விரலை வைத்தாள். சின்ன வயசில் ஸ்டூலில் உட்கார்ந்து அம்மா டைப் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவளுக்கு அந்த இரண்டு எழுத்து என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"நீங்கதான் அடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்குத்தான் யோகலட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். படிவம், இழுப்பறை, காலி வரி, செவ்வாய்க்கிழமையின் இரண்டு மணி நேரம் எல்லாம். ஐயாத்துரை கதிரையை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அருந்ததி அழவில்லை. சுவரில் இருந்த சட்டத்தைக் கழற்றி, அலமாரிக்குப் பின்னால் திருப்பி வைத்தாள். வருஷக் கடைசியில் ஃபாரம் சிக்ஸ் பரீட்சையை எழுதிவிட்டு, பிராய் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே பிரெஞ்சு தெரிந்தவர் யாரும் இல்லை. ஃபெரியில் ஏற வேண்டிய அவசியமும் இல்லை.

மறு வருஷம் உலகக் குடிமக்கள் நாளுக்குத் தூதரகத்திலிருந்து விருந்தினர் வருவதாக ஏற்பாடு. முசியே ஃபூர்னெல் யோகலட்சுமியைக் கூப்பிட்டார். அந்த உருண்டைக்குப் புது வண்ணம் அடித்தாகிவிட்டது, அருந்ததி வந்து ஒரு தடவை ஆடினால் நன்றாக இருக்கும், அவள் நம் பள்ளிப் பிள்ளைதானே என்றார். மனசில் எந்தக் கபடமும் இல்லாமல்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

யோகலட்சுமி பச்சைப் பதிவேட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அப்படி ஒரு மாணவி இதில் இல்லை, முசியே. வேண்டுமானால் நீங்களே பாருங்கள்" என்று பிரெஞ்சில் சொன்னாள். பதினாலு வருஷத்தில் அவள் அந்த மொழியில் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. மகளுடைய பாடங்களைக் காதால் கேட்டே கற்றுக்கொண்டிருந்தாள். அவர் முகம் சிவந்துபோனது. பதிவேட்டைத் தொடவில்லை.

அன்றைக்கு ஃபெரியில் காற்று நன்றாக அடித்தது. யோகலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளிடம் போனாள். அருந்ததி மறுநாளைக்கு யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் முகம் சிவந்ததை இரண்டு தடவை சொன்னாள்.

அருந்ததி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர நல்லாக் கேட்டீங்க, சரி" என்றாள். "என் பேர எழுத வேணாம்னு உங்ககிட்ட யாரும்மா சொன்னா? மதாம் சொன்னாங்களா? இவரு சொன்னாரா?"

யோகலட்சுமி மனசுக்குள் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள். மதாம் எழுதிக்கொள்ளச் சொன்னார். இவர், இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றார். ஜபருல்லாகூடப் போடச் சொன்னான். வேண்டாம் என்று சொன்னவர் யார் என்று தேடிப் பார்த்தால் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அருந்ததி பதிலுக்குக் காத்திருக்கவில்லை, காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை யோகலட்சுமி வழக்கமான ஃபெரியில் தனியாக வேலைக்குப் போனாள். சுவிட்சர்லாந்திலிருந்து புதிதாக ஒரு பெண் குழந்தை வந்திருந்தது. ஏழு வயசு. தகப்பன் எல்லாக் காகிதத்தையும் கொண்டுவந்திருந்தான். அவள் பேனாவைத் திறந்து, ஏழு கட்டத்தையும் நிரப்பி, அந்தக் குழந்தையின் பெயரைப் பிழையில்லாமல் எழுதினாள்.